அழைப்பிதழ் சேரிக்கும் வரட்டும்

ஏப்ரல் 14 நெருங்குகிறது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டிப் பல்கலைக்கழக வளாகங்களில் கருத்தரங்கு, பறையாட்டம், வீதி நாடகம் என்று ஏற்பாடுகள் தொடங்கும். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்றுதான் அச்சடிக்கிறார்கள். அது துறையின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடுகிறது.

மேடை நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றி அண்ணல் கட்டுரை வாசித்தபோது அவருக்கு வயது 25. 1936இல் லாகூரில் பேச அழைத்தவர்களோ, உரையை முன்பே படித்துவிட்டு மாநாட்டையே ரத்து செய்தார்கள். பேசவிடாத அந்த உரையை அவரே அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'.

போன வருடம் எங்கள் ஊர்ப் பறைக் கலைஞரான பெரியவர் ஒருவரை ஒரு வளாகத்துக்கு அழைத்துப்போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, பழக்கம்! பறையை அனலில் காய்ச்சி அவர் அடிக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். திரும்பும்போது செருப்பு காலில் இருந்தது.

வளாகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளே, அழைப்பிதழைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கடைசிப் பேருந்து நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். கூலி வேலை முடித்து வரும் அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.