தூரமும் துறையும்

எழுவான்கரை, படுவான்கரை என்னும் பெயர்களை மட்டக்களப்பு நாட்டில் அறியாதார் இலர். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இரண்டிற்கும் இடையே கிடப்பது வாவி. தேற்றாத்தீவு எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அதற்கு எல்லைகள். வாவியோரம் நின்று மேற்கே நோக்கினால் அக்கரை கண்ணுக்குத் தோன்றும். கண்ணுக்கு அண்மையானது காலுக்கும் அண்மையாகுமா? இவ்வினாவுக்கு விடை காண ஆபிரிக்கா வரை ஒருமுறை சென்று வருவோம்.

கொங்கோ ஆற்றின் வடகரையில் பிரசாவில் நகரம் 1880இலும், தென்கரையில் இன்று கின்ஷாசா எனப்படும் நகரம் 1881இலும் தோன்றின. முன்னது பிரெஞ்சுக்காரர் வசமும், பின்னது பெல்ஜிய மன்னர் வசமும் ஆயின. இன்று அவை எதிரெதிரே நிற்கும் இரு நாடுகளின் தலைநகரங்கள். அவற்றை இணைக்கப் பாலம் இல்லை.

இரு நகரங்களின் விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவில் பறக்கும் விமானத்துக்கு இது இரண்டு நிமிடப் பயணம் என்று மாணவர் கணக்கிடுவர். வகுத்தல் சரியே, ஆனால் விமானம் ஓடி எழவேண்டும், உயரவேண்டும், உடனே தாழவேண்டும், ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் வேண்டும். முழு விரைவை எட்டுமுன்னரே ஊர் வந்துவிடும். ஆதலின் பறக்கும் நேரம் அக்கணக்கினும் பன்மடங்காகும். அதன்மேல் கடவுச்சீட்டு, சுங்கச் சோதனை, காத்திருப்பு ஆகியவையும் சேரும். ஆகவே மக்கள் பெரும்பாலும் படகிலேயே ஆற்றைக் கடக்கின்றனர். தூரம் சிறிது, கடத்தலே பெரிது.

நம் வாவியின் கதையும் இதுவே. கொக்கட்டிச்சோலை மக்கள் நெடுங்காலம் மண்முனைத் துறையில் ‘பாதை’ என வழங்கும் மிதவைக்குக் காத்து நின்றனர். இல்லையேல் வாவியைச் சுற்றி வந்தனர். 2014இல் யப்பானிய உதவியுடன் அங்கே பாலம் திறக்கப்பட்டது. கரைகள் ஓரங்குலமும் நெருங்கவில்லை. எனினும் ஊர்கள் நெருங்கிவிட்டன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலோ இன்னும் பாதையையே நம்பிக் கடப்போர் உளர்.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு நள்ளிரவில் ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவரும் குடும்பத்துக்கு, இடையில் எத்தனை மைல் என்பது பெரிதன்று. துறையில் பாதை நிற்கிறதா என்பதே பெரிது. பரீட்சை மண்டபத்துக்கு விரையும் மாணவனுக்கும் அவ்வாறே.

மாணவர்களே, தேசப்படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே அளவுகோலை வைக்கும்போது தூரத்தை மட்டும் குறித்து நிறுத்திவிடாதீர்கள். இடையில் கிடப்பது ஆறா, வாவியா, எல்லைக் காவலா என்றும் பாருங்கள். தூரத்தை அளவுகோல் சொல்லும். பயண நேரத்தைச் சொல்ல வல்லது துறையில் காத்திருப்பவனின் மணிக்கூடே.