வானத்து எல்லைகள்

நிலத்திற்கு எல்லைகள் இருத்தல் போல வானத்திற்கும் எல்லைகள் உள. வேலியும் மதிலும் கண்ணுக்குப் புலனாவன. வானத்து எல்லைகளோ படத்திலும் அறிவித்தலிலும் மாத்திரமே காணப்படுவன. ஆதலின் சிறு விமானத்தைத் தாமே செலுத்துவோர், அதில் ஏறுமுன்னரே அவற்றைக் கற்றறிதல் வேண்டும்.

இராணுவத் தேவையும் பொதுமக்கள் பாதுகாப்பும் கருதித் தன் வானின் சில பகுதிகளிற் பறத்தலை மட்டுப்படுத்த ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையுண்டென 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை விதித்தது. அப்பகுதிகள் மூவகைப்படும். தடைசெய்யப்பட்ட பகுதியுட் புகலாகாது. மட்டுப்படுத்தப்பட்ட பகுதியுள் நிபந்தனைக்கு அமைந்தே புகலாம். ஆபத்துப் பகுதியிலோ குறித்த வேளைகளில் விமானத்துக்கு ஊறு விளைக்கும் செயல்கள் நிகழும்.

கொட்டாஞ்சேனைக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் உள்ள இரத்மலானையில் முதல் விமானம் 1935ஆம் ஆண்டு இறங்கிற்று. அங்கிருந்து திருகோணமலைச் சீனக்குடாவுக்கு நேர்வழி ஏறத்தாழ 240 கிலோமீற்றர். மணிக்கு 185 கிலோமீற்றர் செல்லும் சிறு விமானத்துக்கு 80 நிமிடப் பயணம். இலங்கை விமானப்படையின் கலாபீடம் சீனக்குடாவிலேயே உளது. இத்தகைய வழியிற் செல்வோர் பயிற்சிப் பகுதியின் பக்க எல்லை, மேல் கீழ் உயரங்கள், செயற்படும் வேளை ஆகிய மூன்றையும் நோக்குவர். நிலையான விவரங்கள் வான்வழித் தகவல் நூலில் உள்ளன. அவ்வப்போதைய மாற்றங்கள் 'நோட்டம்' என்னும் அறிவித்தலில் வரும். அதிற் குறிக்கப்படுவது உலகப் பொது நேரம். 0330 முதல் 0630 வரை எனின், இலங்கையில் அது காலை 9 மணி முதல் நண்பகல் வரையாகும். அதனை உள்ளூர் நேரமெனக் கொண்டவர், பயிற்சி முடிந்ததென்று 10 மணிக்கு அதன் நடுவே புகுவர்.

கண் விழிப்பு ஒன்றே போதாதோ எனின், போதாது. மணிக்கு 815 கிலோமீற்றர் விரையும் போர்விமானம் எதிர்ப்படின், இரண்டும் ஒன்றையொன்று மணிக்கு 1000 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கும். எதிரே வருவதைக் கண்டு, உணர்ந்து, விலகுதற்கு 12.5 செக்கன் வேண்டுமென அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் கணித்துள்ளது. அதற்குள் இடைவெளி ஏறத்தாழ 3½ கிலோமீற்றர் குறைந்துவிடும்.

2015ஆம் ஆண்டு யூலை 7இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் சிறு விமானமொன்றும் எப்-16 போர்விமானமும் மோதின. சிறு விமானத்திலிருந்த இருவரும் இறந்தனர். அது தடைப்பகுதியன்று, பொது வான்வெளி. சிறு விமானம் கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொடர்பு கொண்டிருக்கவில்லை. ஆகவே படத்தைக் கற்றலோடு வானொலித் தொடர்பும் இன்றியமையாதது.

சுற்றுவழியால் இழப்பது சில நிமிடமும் சிறிது எரிபொருளுமே. அவ்விழப்பை நிலத்திலிருக்கும்போதே கணக்கிட்டு ஏற்றுக்கொள்பவரே நல்ல விமானி.