மரணதண்டனையும் இருவித நிறைகற்களும்

மரணதண்டனையைக் குறித்துக் கிறிஸ்தவர்கள் விவாதிக்கும்போது ஆதியாகமம் 9:6 பெரும்பாலும் முதலாவதாக எடுத்துக்காட்டப்படுகிறது. உயிரை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டா என்னும் வினாவோடு விவாதமும் முடிந்துவிடுகிறது. ஆயினும் லேவியராகமம் 24ஆம் அதிகாரம், 17ஆம் வசனத்தில் கொலைபாதகனுக்கு மரணத்தை விதித்தபின், 22ஆம் வசனத்தில் அந்நியனுக்கும் சுதேசிக்கும் சட்டம் வேறுபடலாகாதென வற்புறுத்துகிறது. தண்டனையைக் கூறும் அதிகாரமே சமநீதியையும் கோருகிறது. இக்கோரிக்கை நடைமுறையில் எவ்வாறு தவறிப்போகிறது என்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அனுபவம் தக்க சான்றாகும்.

1972இல், ஃபர்மன் வழக்கில், மரணதண்டனை அன்று வழங்கப்பட்டுவந்த முறை அரசியல் சட்டத்திற்கு முரணானதென அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒத்த குற்றம் புரிந்தோருள் ஒருவர் சாகவும் மற்றவர் பிழைக்கவும் தகுந்த காரணம் காணப்படவில்லை என்பது நீதியரசர் சிலரின் கருத்து. மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்தின. 1976இல், கிரெக் வழக்கில், திருத்திய சட்டங்கள் ஏற்கப்பட்டன.

ஆனால் வேறுபாடு நீங்கவில்லை. மிச்சிகன் மாநிலம் கொலைக்குற்றத்திற்கான மரணதண்டனையை 1846இலேயே ஒழித்தது. டெக்சஸ் மாநிலமோ, 1976க்குப் பின் நாடெங்கும் நிறைவேற்றப்பட்ட தண்டனைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைவேற்றியுள்ளது. ஒரே மாநிலத்திற்குள்ளும் வேறுபாடு உண்டு. மரணதண்டனை கோருவதா வேண்டாமா என்பதைக் கவுண்டி எனப்படும் வட்டாரத்தில் தேர்தல் மூலம் பதவிக்கு வரும் அரசு வழக்கறிஞரே பெரும்பாலும் முடிவு செய்கிறார். வழக்குச் செலவைத் தாங்கும் வசதியும், ஏழைக் கைதிக்கு அமர்த்தப்படும் வழக்கறிஞரின் திறமையும் இடத்துக்கிடம் மாறுகின்றன. கவுண்டிகளுள் நூற்றுக்கு இரண்டே, 1976க்குப் பிற்பட்ட தண்டனை நிறைவேற்றங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றிற்குக் காரணமென 2013இல் வெளியான அறிக்கையொன்று காட்டியது.

இனவேறுபாடும் இதனோடு சேர்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் பேராசிரியர் பால்டஸ் குழுவினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்தனர். கொல்லப்பட்டவர் வெள்ளையராயின் மரணத்தீர்ப்புக்கான வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்ததென அவர்கள் கண்டனர். 1987இல், மெக்ளஸ்கி வழக்கில், உச்சநீதிமன்றம் இவ்வாய்வைச் சரியென வைத்துக்கொண்டே, அவ்வழக்கில் எவரும் இனப்பகையோடு செயற்பட்டதாக நிரூபிக்கப்படவில்லையென்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் முறையீட்டைத் தள்ளியது. மெக்ளஸ்கி 1991இல் மின்நாற்காலியில் மாண்டார். அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் பவல், ஓய்வு பெற்றபின், தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாகத் தம் வரலாற்றை எழுதியவரிடம் தெரிவித்தார்.

இங்கு உபாகமம் 25:13-15 நமக்கு உதவுகிறது. அது வியாபாரியின் உள்நோக்கத்தை விசாரிக்கவில்லை. அவன் பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் இருப்பதையே தடைசெய்கிறது. அளவை தவறாயிருந்தால், நிறுப்பவன் நல்லவனாயினும் வாங்குபவன் வஞ்சிக்கப்படுகிறான். தானியத்திற்கே இக்கட்டளையாயின், மனித உயிருக்கு எவ்வளவு அதிகம்! ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் கொண்டு அரசின் பட்டயத்தைப் பிரசங்கிக்கும் போதகர், அந்த அரசின் கையிலுள்ள நிறைகல்லையும் சோதித்தறியக் கடமைப்பட்டிருக்கிறார்.