நனைந்த கெமராவும் மறைக்கப்படும் குறையும்

நீர் அல்லாஹ்வின் மாபெரும் அருட்கொடை. வுழூச் செய்யவும் தாகம் தீர்க்கவும் பயிர் வளர்க்கவும் அதுவே நமக்குத் துணை. ஆனால் அந்த நீரே புகக்கூடாத இடத்தில் புகுந்துவிட்டால் பெரும் நஷ்டத்தை உண்டாக்கி விடுகிறது. இன்று டிஜிட்டல் கெமராவோ, கெமரா பொருத்திய கைத்தொலைபேசியோ இல்லாத வீடு அரிது. படம் எடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் பேசுபொருளன்று. நம் கையில் இருக்கும் ஒரு பொருள், அதிலும் பிறருடைய பொருள், நீரில் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு விடயம். இதனைச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் எமது மாணவர்களை நிலாவெளிக் கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சக ஆசிரியர் ஒருவரிடம் அவரது டிஜிட்டல் கெமராவை இரவலாகக் கேட்டு வாங்கிச் சென்றேன். கடற்கரையில் அதை ஒரு மாணவனிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். மாலையில் கெமரா தோலுறைக்குள் பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்தது. நானும் திறந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உரியவரிடம் கையளித்தபோது அது இயங்க மறுத்தது. பெட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது.

அன்றிரவு அந்த மாணவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“ஹஸ்ரத், அன்டைக்கு அலை அடிச்சி கெமரா தண்ணிக்குள்ள விழுந்திச்சி. துடைச்சிட்டு ஒன் பண்ணிப் பார்த்தேன், வேல செஞ்சிச்சி. பொறகு நின்டுட்டு. ஏசுவீங்க என்டு பயத்துல சொல்லல்ல.”

உரிமையாளர் கோபப்படவில்லை. ஆனால் அவர் சொன்ன வார்த்தை இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. “மௌலவி, கெமரா போனாப் போகட்டும். எங்கட உம்மா மௌத்தாகுறதுக்கு முந்தி எடுத்த படமெல்லாம் அதுக்குள்ளதான் இருந்திச்சி.”

நீர் உள்ளே என்ன செய்கிறது?

நீர் பட்டவுடனேயே கெமரா செத்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சுத்தமான நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய் நீரிலும் வெள்ள நீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. கடல் நீரிலோ ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இத்தகைய நீர் உள்ளே இருக்கும்போது பெட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால், போகக்கூடாத வழியெல்லாம் அது போகும். மயிரிழை போன்ற செப்புத் தடங்களை அரிக்கவும் தொடங்கும். நாம் கண்ட பச்சை நிறப் பூ அந்தச் செம்பின் அரிப்புத்தான். ஆகவே கெமராவைக் கொல்வது நீர் மட்டுமல்ல. நீரும் மின்சாரமும் சேர்ந்தே கொல்கின்றன. “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று விசையை அழுத்தும் அந்த ஒரு நொடியே பெரும்பாலும் எல்லாவற்றையும் கெடுத்து விடுகிறது.

உடனே செய்ய வேண்டியவை

1. நீரிலிருந்து எடுத்தவுடன் எந்த விசையையும் அழுத்த வேண்டாம். இயங்கிக் கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, உடனே பெட்டரியைக் கழற்றுங்கள். கைத்தொலைபேசியாக இருந்து பெட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் அணைத்து வையுங்கள். சார்ஜ் வயரை அருகிலும் கொண்டு செல்லாதீர்கள்.

2. மெமரி கார்டைக் கழற்றி வேறாக வையுங்கள். லென்ஸ் கழற்றக்கூடியதாயின் அதையும் கழற்றுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து விடுங்கள்.

3. நீர் வெளியே வடியுமாறு சாய்த்துப் பிடித்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வேகமாக உதறினால் ஓரத்தில் நிற்கும் நீர் உள்ளே சென்றுவிடும்.

4. கடல் நீரில் முழுமையாக மூழ்கியிருந்தால், உப்புக் காய்ந்து படிய முன்னர் அன்றே திருத்துநரிடம் கொண்டு செல்வது சிறந்தது. அதற்கு வழியில்லையெனில், பெட்டரியைக் கழற்றிய பின் நல்ல நீரில் ஒருமுறை அலசி உலர விடுவது, உப்பை உள்ளேயே விட்டு வைப்பதைவிட மேலானது. சில துளிகள் மட்டுமே தெறித்திருந்தால் அலச வேண்டாம். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

5. நிழலில், மின்விசிறிக் காற்றில் நீர் வடிய விடுங்கள். பின்னர் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளிலும் பைகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் பொறுமை வேண்டும். எமது நாட்டு மழைக்காலக் காற்றே ஈரமானது. வெறுமனே மேசையில் வைத்தால் உட்புறம் எளிதில் உலராது.

செய்யக்கூடாதவை

அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது நம் வீடுகளில் பிரபலமான வைத்தியம். அரிசி ஈரத்தை விசேடமாக உறிஞ்சுவதில்லை. அதன் தூசும் மாவும் நுண்ணிய துவாரங்களுக்குள் புகுந்து புதிய தொல்லையைத் தருகின்றன. ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே 2024ஆம் ஆண்டு, நனைந்த தொலைபேசியை அரிசிப் பையில் வைக்க வேண்டாம் எனத் தனது பாவனையாளர்களுக்கு அறிவுறுத்தியது.

ஹெயார் ட்ரையரின் சூட்டுக் காற்றும் உச்சி வெயிலும் அடுப்படிச் சூடும் கூடாது. சூட்டினால் பிளாஸ்டிக் பாகங்கள் வளையும், பசைகள் இளகும். ஊதும் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

திருகாணிகளைக் கழற்றி நாமே திறந்து பார்ப்பது மிகவும் ஆபத்தானது. ஃபிளாஷ் உள்ள கெமராவுக்குள் மின்னைச் சேமித்து வைக்கும் ஒரு பாகம் உண்டு. பெட்டரியைக் கழற்றிய பின்னரும் அதில் சுமார் 300 வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அவ்வாறே நனைந்த லித்தியம் பெட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். அது வீங்கித் தீப்பற்றவும் கூடும். புதிய பெட்டரி வாங்குவதே பாதுகாப்பானது.

படங்கள் பிழைக்குமா?

இங்கேதான் ஓர் ஆறுதல் இருக்கிறது. மெமரி கார்டுக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை. மின்சாரம் இல்லாமலேயே அது படங்களைக் காத்து வைத்திருக்கும். ஆகவே கெமரா இறந்த பின்னரும் கார்ட் பெரும்பாலும் பிழைத்து விடுகிறது. அதனை நல்ல நீரில் கழுவி, ஓரிரு நாட்கள் நன்கு உலர விட்டு, கார்ட் ரீடர் மூலம் கொம்பியூட்டரில் இட்டுப் பாருங்கள். திறந்தவுடன் முதல் வேலையாகப் படங்களை வேறோர் இடத்தில் பிரதி செய்யுங்கள். “ஃபோர்மட் செய்யவா?” என்று கொம்பியூட்டர் கேட்டால் சம்மதிக்காதீர்கள், அத்தகைய கார்டை விடயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எமது ஆசிரியரின் கார்டை இவ்வாறே கழுவி உலர்த்தி, மூன்றாம் நாள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் செருகினோம். ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்து பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டும் அந்த மூதாட்டியின் படம் வந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

ஈரக் காற்றும் எதிரியே

நீரில் விழாமலேயே கெமராக்கள் கெட்டுப் போவதும் உண்டு. தோலுறையில் இட்டு அலுமாரிக்குள் மாதக்கணக்கில் வைத்தால் லென்ஸில் நூல் போலப் பூஞ்சணம் படரும். அது கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் பின்னர் எவராலும் சரிசெய்ய முடியாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, இடைக்கிடை எடுத்துப் பாவியுங்கள். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது, கெமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சிறிது நேரம் வைத்தால் உள்ளே வியர்க்காது. “நீர் புகாது” என்ற விளம்பரத்தையும் அளவோடு நம்புங்கள். ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு, சோதனைச் சாலையில் 1 மீற்றர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கியது என்பதையே குறிக்கும். கடலலைக்கும், பழைய றப்பர் வளையத்தில் ஒட்டிய மணலுக்கும் அது உத்தரவாதமாகாது.

இரவல் வாங்கியவரின் பொறுப்பு

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரவல் வாங்கிய பொருள் அனுமதிக்கப்பட்ட சாதாரணப் பாவனையால் தேய்ந்தால் குற்றமில்லை. வேறு வகையில் அழிந்தால், கவனக்குறைவு இல்லாவிடினும், வாங்கியவரே பொறுப்பாளி. அழிந்த நாளில் அப்பொருளுக்கு இருந்த மதிப்பை அவர் கொடுக்க வேண்டும்; பழுதானால் மதிப்பில் குறைந்த அளவைக் கொடுக்க வேண்டும். உரியவரைக் கேளாமல் இன்னொருவர் கையில் கொடுத்து நான் செய்த தவறு வேறு.

ஹுனைன் யுத்தத்தின் போது நபி (ஸல்) அவர்கள், அன்று இஸ்லாத்தைத் தழுவியிராத ஸஃப்வான் பின் உமையாவிடம் போர்க்கவசங்களை இரவலாகப் பெற்றார்கள். பறித்தெடுக்கிறீரா என்று அவர் கேட்டபோது, இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவல் என்று பதிலளித்தார்கள். பின்னர் அவற்றில் சில தொலைந்தபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். அதற்குள் தன் உள்ளம் இஸ்லாத்தின் பால் சாய்ந்துவிட்டதால் ஸஃப்வான் அதனை வேண்டாம் என்றார். இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. மன்னிப்பது உரிமையாளரின் உரிமை. மன்னிப்பார் என்று எதிர்பார்த்து மௌனமாக இருப்பது இரவல் வாங்கியவரின் உரிமையன்று.

ஈரத்தை மேலே வையுங்கள்

கெமராவை நகரிலுள்ள ஒரு கடையில் கொடுத்தோம். திருத்துநர் திறந்து சுத்தம் செய்தார். அது மீண்டும் இயங்கியது. எமது மகிழ்ச்சியைக் கண்டு அவர் மெதுவாகச் சொன்னார்: “மௌலவி, உப்பு அரிச்ச சாமான். இன்னம் ரெண்டு மாசமோ மூணு மாசமோ தெரியா. நிக்க முந்தி யாருக்காவது வித்துப் போடுங்க. பார்த்தா ஒண்டும் விளங்காது.”

நான் கடனாளியாக நின்ற நேரம் அது. அந்த யோசனை ஒரு கணம் இனிக்கவே செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வருடந்தோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் ஒரு ஹதீஸ் முன்னே வந்து நின்றது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைந்தது அவ்வியாபாரியின் குற்றமன்று. மறைத்ததே குற்றம்.

கெமராவின் ஈரமும் அப்படித்தான். டிசம்பர் 2004 சுனாமியின் போதும், மே 2016இல் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியபோதும் எத்தனையோ வீட்டுப் பொருட்கள் நீருக்குள் கிடந்தன. அத்தகைய பொருளைத் துடைத்து மினுக்கி, குறையைச் சொல்லாமல் விற்பது ஹராம். வாங்கியவர் பழைய குறையைக் கண்டால், தாமதியாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. பழைய கெமரா வாங்குவோர் பெட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூ இருக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகளில் நீர் பட்டால் நிறம் மாறும் சிறு வெள்ளை ஒட்டியும் உள்ளே இருக்கும். அது சிவந்திருந்தால் நீரைச் சந்தித்த பொருள் என்று அறிந்து கொள்ளலாம்.

நாங்கள் அதனைக் கடல் நீர் பட்டது என்று சொல்லியே, உதிரிப்பாகங்களுக்காக ஒருவருக்குச் சிறு தொகைக்கு விற்றோம். முன்னைய மதிப்பில் குறைந்ததை நான் மூன்று தவணைகளில் கொடுத்தேன். வேண்டாம் என்றவர், இது என் கடன் என்றதும் வாங்கிக் கொண்டார். விடயமறிந்த மாணவனின் வாப்பா தனது பங்கென்று ஒரு தொகையை அவன் கையாலேயே எனக்குக் கொடுப்பித்தார்.

பெற்றோருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. அந்த மாணவன் கடற்கரையிலேயே ஓடி வந்து சொல்லியிருந்தால், பெட்டரியை அந்நேரமே கழற்றியிருப்போம். கெமராவும் தப்பியிருக்கக் கூடும். அவனை மௌனமாக்கியது எமது ஏச்சின் மீதிருந்த பயமே. பொருள் உடைந்தால் ஓடி வந்து சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். அமானிதத்தைப் பேணும் பயிற்சி அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. அல்லாஹ் எம் அனைவரையும் உண்மையாளர்களாக ஆக்குவானாக. ஆமீன்.