எந்தக் கதவு காலி?

பைத்தன் மொழியில் எமது வகுப்பு மாணவியர் ஒரு சிறிய வினாவிடைச் செய்நிரலை எழுதியிருந்தோம். ஒரு கணினி சேவையகமாக இயங்கும். மற்றக் கணினிகளிலிருந்து விடையளிக்கலாம். கண்காட்சி தினத்தன்று, பெற்றோர் சூழ்ந்து நிற்க, அது இயங்க மறுத்தது. "இம்முகவரி ஏற்கனவே பாவனையில் உள்ளது" என்ற கருத்துடைய வழுச்செய்திதான் திரையில் தோன்றியது. காலையில் ஒத்திகை பார்த்துவிட்டு நான் நிறுத்த மறந்த அதே செய்நிரல், 5000ஆம் போர்ட்டைப் பின்னணியில் பிடித்துக்கொண்டிருந்தது. வாப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாயிருந்தது.

ஐபி முகவரியை வீடு என்று கொண்டால் போர்ட் அவ்வீட்டின் கதவு. அதன் இலக்கம் 16 பிற்றுகளால் ஆனது. ஆகவே 0 முதல் 65535 வரை எண்கள் உண்டு. 1024க்குக் கீழுள்ளவை பெயர்பெற்ற சேவைகளுக்கு உரியவை. இணையத்தளங்களுக்கு 80, பாதுகாப்பான இணைப்புக்கு 443 என்பன உதாரணங்கள்.

காலியான கதவை எப்படிக் கண்டுபிடிப்பது? 5000, 5001 என ஒவ்வொன்றாகச் சோதித்து, காலியானதைக் குறித்துக்கொண்டு, அதன்பின் சேவையகத்தைத் தொடங்கலாம் என்றே முதலில் நினைத்தோம். இதில் ஒரு கோளாறு உண்டு. பஸ்ஸில் ஆசனம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கிப்போய் உம்மாவை அழைத்து வருவதற்குள் வேறொருவர் அமர்ந்துவிடுவார் அல்லவா? சோதனைக்கும் பாவனைக்கும் இடையிலுள்ள அந்தச் சொற்ப நேரத்தில் வேறொரு செய்நிரல் போர்ட்டைப் பிடித்துவிடலாம். எப்போதாவதுதான் நடக்கும். ஆனால் அது கண்காட்சி தினமாகவும் இருக்கலாம்!

சரியான வழி, நாம் தேடாமல் பணிசெயல் முறைமையிடமே கேட்பதாகும். ஒரு சொக்கட்டை உருவாக்கி, அதன் 'பைண்ட்' கட்டளைக்குப் போர்ட் இலக்கமாக 0 கொடுக்க வேண்டும். பூச்சியம் உண்மையான கதவன்று. "காலியான ஒன்றை நீயே தா" என்பதே அதன் பொருள். கிடைத்த இலக்கத்தை 'கெட்சொக்நேம்' சொல்லிவிடும். முக்கியமாக, அந்தச் சொக்கட்டை மூடிவிடக் கூடாது. அதிலேயே 'லிசன்' கட்டளையைக் கொடுத்துச் சேவையகத்தை நடத்த வேண்டும். மூடிவிட்டு மீண்டும் திறந்தால் பழைய பஸ் கதைதான்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. இலக்கம் ஒவ்வொரு முறையும் மாறினால் மற்றக் கணினிகள் அதை எப்படி அறியும்? ஆகவே எமது செய்நிரல் முதலில் 5000ஐ முயற்சிக்கிறது. அது கிடைக்காவிட்டால் மாத்திரம் 0 கொடுக்கிறது. கிடைத்த இலக்கத்தைப் பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியுமளவு பெரிதாகத் திரையில் காட்டுகிறது.