வழக்கறிஞர் செல்வநாயகம் : அறப்போர் வாழ்வும் ஆவண ஏடுகளும்

ஓர் ஏடு எழுந்த காலத்திற்குப் பின் நிகழ்ந்தவற்றை அவ்வேட்டினுள் ஏற்றிப் பொருள் கொள்ளுதல் பிழையாகும். பழைய இலக்கியங்களுக்கு உரை காணுங்கால் நாம் போற்றும் இந்நெறி அரசியல் ஆவணங்களுக்கும் பொருந்துவதே. ஈழத்துத் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் வாழ்வையும் ஏடுகளையும் கொண்டு இதனை ஈண்டு விளக்குதும்.

மலாயாவின் ஈப்போ நகரில் 1898 மார்ச்சு 31ஆம் நாள் பிறந்த இவர், இளமையிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தார். ஆசிரியப் பணி ஆற்றிப் பின் சட்டம் பயின்று, கொழும்பில் உரிமையியல் வழக்குகளிற் பெரும்பெயர் பெற்றார். 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நின்ற அவர், 1949 டிசம்பர் 18இல் புதுக்கட்சி கண்டார்.

அக்கட்சியின் பெயர் சொல்லாராய்ச்சிக்கு உரியது. ஆங்கிலத்தில் அது 'பெடரல் கட்சி'. தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி'. முன்னது கூட்டாட்சியைக் குறிக்கும். பின்னதிலுள்ள 'அரசு' என்னும் சொல்லோ, தனிநாட்டையும் ஒருநாட்டின்கண் அமைந்த ஆட்சியுறுப்பையும் ஒருங்கே உணர்த்த வல்லது. இவ்விருபொருள் நிலை ஐயத்திற்கு இடமளித்தது. இக்கட்சியைப் பற்றிய வழக்கொன்றில், கூட்டாட்சி கோருதல் பிரிவினை கோருதல் ஆகாது என்று இலங்கை உயர்நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சொல்லின் பொருள்வரையறை ஒரு மக்களின் அரசியல் உரிமையோடு எத்துணை நெருங்கியது என்பது இதனாற் பெறப்படும்.

சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சூன் 5ஆம் நாள் அறப்போர் நிகழ்ந்தது. எனினும் வழக்கறிஞராகிய செல்வநாயகம் எழுத்துவழி உடன்படிக்கையையே பெரிதும் நம்பினார். 1957 சூலை 26இல் தலைமை அமைச்சர் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் பிராந்திய சபைகளை ஏற்றது. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாகத்தில் தமிழுக்கு இடமும் தந்தது. கூட்டாட்சியமைப்பை ஆராய இயலாது என்ற தலைமை அமைச்சரின் மறுப்பும் அவ்வேட்டிலேயே பதிவாயிற்று. வேறுபாட்டை மறையாது எழுதி, உடன்பட்டதைத் தனியே வரையறுத்த அம்முறை சட்டவறிஞர் கைவண்ணம் எனலாம். 1958 ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சு 24இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த உடன்பாடும் நிறைவேறாதொழிந்தது.

இவற்றிற்கிடையே, 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன் மறியல் அறப்போர் நடந்தது. தமிழரசுத் தபால் சேவை தொடங்கி அஞ்சல் தலைகளும் வெளியிடப்பட்டன. அவை இன்று அறப்போர் வரலாற்றின் அரிய சான்றுகள். தனியரசுக் கோரிக்கை 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில் முறைப்பட அமைந்தது. 1977 ஏப்பிரல் 26இல் அவர் மறைந்தார். உள்நாட்டுப் போர் மூண்டதோ 1983இல். ஆகவே 1957, 1965ஆம் ஆண்டு ஏடுகளைப் போருக்கு முன்னுரையாகப் படித்தல் பொருந்தாது. போரைத் தவிர்த்திருக்கக்கூடிய வழிகளாக அவற்றைப் படித்தலே காலமுறைக்கு ஒத்தது.

ஏடுகள் எங்கே உள்ளன என்பதும் எண்ணற்பாலது. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் உடன் அழிந்தன. செல்வநாயகம் ஏடுகளின் தொகுதி இன்று கனடாவில் டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்திற் பேணப்படுகின்றது. பாலவாக்கத்திற்கு அணித்தாகத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய நூல்தொகுதியினின்று எழுந்ததே. தனியார் கையிலுள்ள ஏடுகள் உரிய காலத்தில் நிறுவனங்களைச் சேர்ந்தாலன்றி நிலைபெறா என்பதை இவ்விரண்டும் காட்டும்.

ஒப்பந்தம், தீர்மானம், மடல் ஆகியவற்றை வரலாற்றுத் துறைக்கே உரியன என்று தமிழாய்வாளர் ஒதுக்குதல் தகாது. 'அரசு', 'கூட்டாட்சி' போன்ற சொற்கள் ஆண்டுதோறும் பெற்ற பொருளை நிரல்பட ஆராயும் பணி நமக்குரியது. அப்பணியை மேற்கொள்ளும் இளம் ஆய்வாளர், ஏட்டின் நாளை முதலிற் குறித்துப் பின்னரே அதன் பொருளை உரைப்பாராக.