சோறு உண்ணாத விருந்தாளிகள்

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. ஆசிரமத்துக்குள்ளேயே பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில் ஒரு காக்கைக்கும் சமாதி இருக்கிறது. மதில்மேல் வைத்த சோற்றுக்கு மைனா வரும், அணில் வரும், சமயத்தில் மயிலும் குரங்கும் வரும். ஐப்பசியை ஒட்டி வடக்கிலிருந்து வந்து சேரும் வலசைக் குருவிகள் மட்டும் அதைச் சீண்டுவதில்லை. அவற்றுக்கு வேண்டியது பூச்சியும் புழுவும்.

பனி மூடும் நாடுகளில் குளிர்காலம் பறவைகளுக்குப் பஞ்சகாலம். அதனால் தோட்டத்தில் விதைத் தட்டு தொங்கவிடுகிறார்கள். இங்கே வடகிழக்குப் பருவமழையில் அருணாசல மலையடிவாரம் தழைத்துப் பூச்சிகள் பெருகுகின்றன. வலசை வருவது இந்த விருந்துக்குத்தான்.

ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகு, குட்டை வால், அடிவயிற்றில் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருகிறது. களைப்பில் சன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் சற்று நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். தெளிந்ததும் புதர் ஓரமாகத் திறந்துவிடலாம். வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்க்க வேண்டியது, காயம் இருந்தால்தான்.

இது தரையில் சருகைப் புரட்டிப் புரட்டி இரை தேடும் பறவை. வாலைப் பக்கவாட்டில் ஆட்டியபடி மர நிழலில் நடக்கும் கொடிக்கால் வாலாட்டிக்கும் அதே சருகுதான் மேய்ச்சல் நிலம். மாமரத்தடியைத் தினமும் பெருக்கிக் குப்பையைக் கொளுத்தும் வீட்டில் இவற்றுக்கு ஒன்றுமே மிஞ்சாது. தோட்டத்தில் ஒரு மூலையையாவது பெருக்காமல் விட்டுவைப்பது எந்தத் தீனித் தட்டையும்விட மேல் என்பேன்.

அதோடு, ஆழமில்லாத மண் தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர், நடுவில் கால் ஊன்ற ஒரு கல். கொசு முட்டையிடும், ஆகவே தினமும் தண்ணீரை மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெயில் சாயும் நேரத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அரசவால் ஈப்பிடிப்பான் சிறகை நனைத்துக்கொண்டு கிளைக்கு ஓடுவதைக் காணும் வாய்ப்பு உண்டு.

பார்த்ததைக் குறித்து வைப்பது நல்லது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். கொல்லைப்புறமும் கணக்கில் சேரும்.